அறப்பணம் திரட்டலும் செலவிடலும்

நம் நாட்டுக் கிராமங்களில் அறம் செய்தல் என்பது புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடம் அன்று. வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்ததும், சுமையோடு வருவோர் இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நட்டதும், ஊருணி வெட்டியதும், சத்திரம் கட்டியதும், திண்ணைப் பள்ளி ஆசிரியர்க்கு நெல் அளந்ததும் எந்த ஆணையின் பேரிலும் நடந்தவை அல்ல. இன்றும் பள்ளிக்கு ஒரு சுற்றுச்சுவர் வேண்டும் என்றாலும், ஏரியைத் தூர் வார வேண்டும் என்றாலும், நோயுற்ற குழந்தையின் மருத்துவத்திற்கு உதவ வேண்டும் என்றாலும், நம் மக்கள் இயன்றதைக் கொடுக்கத் தயங்குவதில்லை.

ஆயினும், சில அறங்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கின்றன. வேறு சில, தொடங்கிய ஆண்டிலேயே பூசலில் முடிந்து, ஊரில் மனக்கசப்பை மட்டும் விட்டுச் செல்கின்றன. இரண்டிலும் கொடுத்தவர்களின் நல்லெண்ணம் ஒன்றே. அவ்வாறிருக்க, வேறுபாடு எங்கே உண்டாகிறது? பணத்தைத் திரட்டும் முறையிலும், அதனைச் செலவிடும் முறையிலும், கணக்கை ஒப்புவிக்கும் முறையிலுமே வேறுபாடு உண்டாகிறது. இதனை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் தெளிவாக அறிந்துகொள்ளல் நலம். முதலில், நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம்.

ஓர் ஏரியும் ஒரு நோட்டுப் புத்தகமும்

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், 312 வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர் உண்டு. அவ்வூர் ஏரி நெடுங்காலமாகத் தூர்ந்து கிடந்தது. ஊர் இளைஞர்கள் ஒன்றுகூடி அதனைத் தூர் வார முனைந்தார்கள். உரிய அனுமதியும் பெற்றார்கள். 268 வீட்டார் வீட்டுக்கு 500 ரூபாய் வீதம் கொடுத்தனர். அத்தொகை 1,34,000 ரூபாய். வெளியூர்களில் வேலை பார்ப்போர் 61,000 ரூபாய் அனுப்பினர். அருகிலுள்ள நகரத்துக் கடைக்காரர்களும் அரிசி ஆலை உரிமையாளர் ஒருவரும் 25,000 ரூபாய் வழங்கினர். ஆக வரவு 2,20,000 ரூபாய். ஒரு சிற்றூர் தன் முயற்சியால் இவ்வளவு திரட்டியது பாராட்டிற்குரிய செயலே.

பணி தொடங்கியது. ஆனால் மதிப்பீடு எதுவும் எழுதப்படவில்லை. ஏரியில் எங்கே ஆழப்படுத்துவது, மதகைப் பழுது பார்க்க எவ்வளவு ஒதுக்குவது என்பன பற்றி முடிவு செய்யவில்லை. தொடக்க நாளன்று பந்தலும் ஒலிபெருக்கியும் பொன்னாடைகளும் விருந்துமாக 22,000 ரூபாய் செலவாயிற்று. பொக்லைன் இயந்திரம் ஓடிய ஒவ்வொரு மணிக்கும், டிராக்டர் அடித்த ஒவ்வொரு நடைக்கும் பொருளாளராக இருந்த இளைஞர் கையிலிருந்து பணம் கொடுத்தார். மதகு வேலைக்கு வந்தபோது கையில் பணம் இல்லை. சிறிது சிமெண்டும் மணலும் வாங்கிப் போட்டதோடு வேலை நின்றது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. ஊரார் மகிழ்ந்தனர். ஆனால் பழுதான மதகின் வழியே நீர் இரவும் பகலும் கசிந்தது. தை பிறப்பதற்கு முன்னரே ஏரி வறண்டது. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் இல்லை. பயிர் பதராகப் போன உழவர்கள், நாம் கொடுத்த பணம் எங்கே என்று கேட்டனர். பொருளாளரிடம் கணக்குப் புத்தகம் இல்லை. அந்த ஆண்டு அவர் தம் வீட்டிற்குச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார். ஊர்ப் பேச்சுக்கு அதுவே சான்றாயிற்று. நேருக்கு நேர் ஒருவரும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றது. சில மாதங்களில் அவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குச் சென்றுவிட்டார். இளைஞர் மன்றமும் கலைந்தது.

தீமை அத்தோடு நின்றதா? இல்லை. இரண்டாண்டுகள் கழித்து அவ்வூர்த் தொடக்கப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பும் தேவை ஏற்பட்டது. பள்ளி, லாரிகள் ஓடும் சாலையோரத்தில் இருக்கிறது. மதிப்பீடு 4,50,000 ரூபாய். அதில் ஊரார் பங்கு மூன்றில் ஒன்று, அதாவது 1,50,000 ரூபாய். தலைமையாசிரியை மூன்று வாரம் வீடு வீடாகச் சென்றும் 6,200 ரூபாய்தான் சேர்ந்தது. "போன தடவை கொடுத்ததற்கே கணக்கு வரவில்லையே, டீச்சர்" என்பதே எல்லா வாயிலிலும் அவருக்குக் கிடைத்த விடை.

இங்கே பணம் களவு போயிற்றா என்பது ஒரு புறம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய பொருள் ஒன்று போயிற்று. அதுதான் ஊராரின் நம்பிக்கை. பணம் போனால் மறு அறுவடையில் மீளும். நம்பிக்கை அவ்வளவு விரைவில் மீள்வதில்லை.

முன்னோர் கண்ட வழி

இவ்விடர்ப்பாட்டை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளைப் படிப்போர் ஒரு செய்தியைக் காண்பர். ஒரு விளக்கு எந்நாளும் அணையாமல் எரிய வேண்டும் என்று விரும்பியவர், நாள்தோறும் நெய்யை விலைக்கு வாங்கிக் கொடுக்கவில்லை. 96 ஆடுகளைக் கொடுத்தார். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஆடுகள் சாகலாம், மூப்படையலாம். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பி, மந்தை குறையாமல் காக்க வேண்டும். ஆகவேதான் அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் என்று வழங்கினர். முதலைத் தொடாமல் அதன் பயனை மட்டும் செலவிடுக என்னும் பாடத்தை இதைவிட எளிதாகக் கூற இயலாது.

பொற்காசாகக் கொடுத்த அறங்களும் உண்டு. அக்காசுகளை ஊர்ச் சபைகளிடம் ஒப்படைத்தனர். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது 100-க்கு 12½ வீதம், சபையார் அளந்து வந்தனர். எந்தத் தொகை, யாரிடம், என்ன வட்டிக்கு, எந்தச் செலவிற்கு என்பவை அனைத்தும் கல்லில் வெட்டப்பட்டன. வருவோர் போவோர் எவரும் படிக்கக் கூடிய இடத்தில் கணக்கு நின்றது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனத் தனித்தனிக் குழுக்கள் இருந்தன. அக்காலச் சபையில் ஊரின் எல்லாப் பிரிவினரும் இடம் பெறவில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அவர்கள் வகுத்த ஒரு விதி இன்றும் பொருந்தும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. கணக்குக் காட்டாமை என்பது களவுக்கு இணையான தகுதிக் குறைவாகக் கருதப்பட்டது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1950-களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் திட்டம் பரவியது. அது தொடக்கத்தில் ஊர் மக்களின் கொடையை நம்பியே நடந்தது. பின்னர் அரசு மானியம் வந்தபோது, ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவிற்கு 10 காசு எனக் கணக்கிட்டு, 6 காசை அரசு ஏற்க, 4 காசை ஊரார் ஏற்றனர். இத்தகைய பங்கீட்டின் நன்மை யாது? ஒவ்வோர் ஊரும் தான் திரட்ட வேண்டிய தொகையை முன்னரே அறிந்துகொள்ளலாம் என்பதே. 50 பிள்ளைகள், 200 நாட்கள் என்று கொண்டால், ஊரின் பங்கு ஆண்டுக்கு 400 ரூபாய். இத்தகைய எல்லை தெரிந்தால் அரிசியாகவும், காய்கறியாகவும், விறகாகவும், காசாகவும் அதனைப் பகிர்ந்துகொள்வது எளிது. எல்லை இல்லாத வசூலே மக்களை அச்சுறுத்துகிறது.

பணம் வரும் வழிகள்

அறப்பணிக்குப் பணம் பல வழிகளில் வரும். ஒவ்வொரு வழியும் தனக்குரிய ஒரு நிபந்தனையோடு வருகிறது என்பதை மறத்தல் கூடாது.

முதலாவது, ஊராரின் சிறு கொடை. இதுவே வேர். 50 ரூபாய் கொடுத்த கூலித் தொழிலாளிக்கும் கணக்குக் கேட்கும் உரிமை 50,000 ரூபாய் கொடுத்த செல்வருக்கு நிகராக உண்டு. பொருளாகவும் உழைப்பாகவும் தருவதையும் மதிப்பிட்டு வரவில் எழுதல் வேண்டும். ஒரு நாள் மண் சுமந்தவரின் பெயர் கொடையாளர் பட்டியலில் இல்லையெனில், அது பிழையான பட்டியலே.

இரண்டாவது, வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் ஊரார் அனுப்பும் தொகை. இதில் ஒரு சட்ட நுட்பம் உண்டு. இந்தியக் குடியுரிமை உடையவர் வெளிநாட்டில் வேலை பார்த்துத் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், அவர் தருவது அயல்நாட்டு நன்கொடையே. 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெறாத சங்கம் அதனைப் பெறலாகாது. பதிவு பெற்ற நிறுவனங்களும், 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அத்தொகையில் 100-க்கு 20-க்கு மேல் நிருவாகத்திற்குச் செலவிடலாகாது. முன்னர் இவ்வரம்பு 50 ஆக இருந்தது. ஆகலின், சிங்கப்பூரில் உள்ள உறவினர் பணம் அனுப்புவதாகக் கூறினால், முதலில் அவருடைய குடியுரிமையைக் கேட்டுத் தெரிந்துகொள்க.

மூன்றாவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்பனை 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்னும் அளவுகளில் ஒன்றை எட்டிய நிறுவனம், தன் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 100-க்கு 2 பங்கைப் பொதுநலப் பணிகளில் செலவிட வேண்டும். அதில் நிருவாகச் செலவு 100-க்கு 5-ஐத் தாண்டலாகாது. நம் பகுதியில் ஆலை நடத்தும் நிறுவனத்தை அணுகும்போது, வேண்டுகோள் மடல் ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லாமல், வரைபடமும் மதிப்பீடும் ஊராட்சித் தீர்மானமும் கொண்டு செல்லல் வேண்டும். அந்நிறுவனமும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. நம்மிடம் கணக்கு இருந்தால்தான் அது நமக்குக் கொடுக்கும்.

நான்காவது, அரசின் பங்கு. ஊரார் ஒரு பகுதியைத் திரட்ட, மீதியை அரசு ஏற்கும் திட்டங்கள் தமிழ்நாட்டில் பல முறை நடைமுறைக்கு வந்துள்ளன. 1997-98-இல் தொடங்கப்பெற்று, 2021-22-இல் மீண்டும் புத்துயிர் பெற்ற நமக்கு நாமே திட்டம் அத்தகையது. ஊராரின் பங்கு இல்லாமல் இத்தகைய திட்டத்தில் அரசின் பங்கு வாராது. எனவே கணக்கில்லாமையால் ஊர் இழப்பது தன் காசை மட்டும் அன்று. அதைப் போல் இரு மடங்கையும் இழக்கிறது.

ஐந்தாவது, நிலைமுதல். அஃதாவது, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுமாறு கொடுக்கப்படும் தொகை. இது நம் காலத்துச் சாவா மூவாப் பேராடு. கொடுத்தவர் இவ்வாறு எழுதிக் கொடுத்திருப்பின், எத்தகைய நெருக்கடியிலும் முதலில் கை வைத்தல் தகாது.

பணம் செல்லும் வழிகள்

செலவை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். பணிக்கு நேரே செல்லும் செலவு; அப்பணியைத் தொடர்ந்து பராமரிக்கும் செலவு; நிருவாகச் செலவு; எதிர்பாராத தேவைக்கு வைக்கும் கையிருப்பு.

இவற்றுள் மக்கள் முதலாவதையே காண்கின்றனர்; இரண்டாவதை மறக்கின்றனர். 3,00,000 ரூபாயில் ஒரு படிப்பகம் கட்டியதாகக் கொள்வோம். அதனைத் திறந்து பெருக்கி வைப்பவர்க்கு ஊதியமும், மின்கட்டணமும், செய்தித்தாள் செலவுமாக மாதம் 2,000 ரூபாய் ஆகும் எனில், ஆண்டுக்கு 24,000 ரூபாய் வேண்டும். வங்கியில் 100-க்கு 6 வட்டி எனக் கொண்டால், அந்த 24,000 ரூபாய் வட்டியாக வர 4,00,000 ரூபாய் முதல் வேண்டும். கட்டுவதற்கு ஆனதைவிட நடத்துவதற்கு வேண்டிய முதல் பெரிது. இக்கணக்கைப் போடாமல் கட்டிய படிப்பகங்களே பூட்டிய கதவும் கறையான் அரித்த அலமாரியுமாக நிற்கின்றன. அவ்வளவு முதல் திரட்ட இயலாவிடின், ஆண்டுதோறும் அறுவடையின்போது வீட்டுக்கு இவ்வளவு என்று முன்னரே ஊர் முடிவு செய்தல் வேண்டும். இரண்டும் இயலாவிடின், கட்டடம் கட்டாமல், இருக்கும் கட்டடத்தில் ஓர் அறையைக் கேட்டுப் பெறுவதே அறிவுடைமை.

நிருவாகச் செலவு என்றவுடன் நம்மிற் பலர் முகம் சுளிக்கின்றனர். ஒரு காசும் நிருவாகத்திற்குச் செலவிடவில்லை என்று கூறுவதைப் பெருமையாகவும் கருதுகின்றனர். இஃது ஆராய வேண்டிய கருத்து. கணக்கு எழுதுபவர்க்குக் கூலி, ரசீதுப் புத்தகம் அச்சிட்ட செலவு, பொறியாளரைக் கொண்டு மதிப்பீடு தயாரித்த செலவு, தணிக்கையாளர் கட்டணம் ஆகியவை வீண் செலவுகள் அல்ல. பணத்தைக் காக்கும் வேலிகள். மேற்கூறிய ஏரிப் பணியில் சில ஆயிரம் ரூபாயை மதிப்பீட்டிற்கும் கணக்கிற்கும் செலவிட்டிருந்தால், எஞ்சிய பணம் வீணாகியிராது. அதே வேளையில், 22,000 ரூபாய் விழாச் செலவு, திரட்டிய தொகையில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. மதகைப் பழுது பார்க்கத் தேவைப்பட்டதோ 45,000 ரூபாய். ஆகவே, நிருவாகச் செலவு எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், அது பணியைக் காத்ததா, புகழை வளர்த்ததா என்று கேட்டல் வேண்டும்.

பெரிய அறநிறுவனங்களுக்கு வருமான வரிச் சட்டமும் ஓர் அளவை விதித்துள்ளது. அறநிறுவனமாகப் பதிவு பெற்று வரிவிலக்குப் பெறும் அமைப்பு, தன் ஆண்டு வருமானத்தில் 100-க்கு 85 பங்கை அவ்வறத்திற்கே பயன்படுத்தல் வேண்டும். 15 பங்கைச் சேர்த்து வைக்கலாம். பெரும் பணிக்கென அதற்கு மேலும் சேர்க்க வேண்டின், நோக்கத்தைக் குறிப்பிட்டு, 5 ஆண்டிற்கு மிகாமல் வைத்துக்கொள்ளலாம். அறத்திற்கென்று பெற்ற பணம் பெட்டியில் உறங்கலாகாது என்பதே இதன் கருத்து.

ஊர்தோறும் கைக்கொள்ள வேண்டிய முறைகள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அதனை நடைமுறைப்படுத்தும் வழிகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

1. வசூலுக்கு முன் தீர்மானம். என்ன பணி, எவ்வளவு மதிப்பீடு, எந்நாளில் முடியும், பணம் குறைந்தால் என்ன, மிஞ்சினால் என்ன என்பவற்றை எழுதி, கிராம சபையில் படித்துப் பதிவு செய்க. பணி நடக்கும் இடம் எத்துறைக்கு உரியதோ, அத்துறையின் அனுமதியையும் பெறுக. ஏரியின் வண்டல் மண்ணை எடுப்பதற்கும் உரிய அனுமதி வேண்டும்.

2. தனிக் கணக்கு. பணத்தை ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் சேர்த்தல் கூடாது. கைப்பேசி வழியாகப் பணம் செலுத்துவோர் பெருகிய இக்காலத்தில், ஒரு தனி மனிதரின் கியூஆர் அட்டையைக் காட்டி வசூலிப்பது எளிதாகிவிட்டது. அவருடைய வீட்டுப் பணமும் ஊர்ப் பணமும் ஒன்றாய்க் கலந்துவிடுவதும் எளிதாகிவிட்டது. சங்கத்தின் பெயரில், இருவர் கையொப்பமிட்டே எடுக்கக் கூடிய கணக்கு வேண்டும். தொடர்ந்து பணி செய்ய விரும்புவோர், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தபின் ஆண்டுதோறும் பதிவாளரிடம் கணக்கை ஒப்புவித்தல் கடமை.

3. ரசீதும் வவுச்சரும். வரிசை எண் அச்சிட்ட ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் பெறுதல் கூடாது. வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுத்தல் கூடாது. டீக்கடையில் பில் தருவதில்லை என்பர் சிலர். நாள், பொருள், தொகை எழுதி, கடைக்காரரிடம் கையொப்பம் பெற்றால் அதுவே வவுச்சர். இயந்திரம் ஓடிய மணிக்கும் வண்டி அடித்த நடைக்கும் அன்றன்று குறிப்பெழுதி, ஓட்டுநரும் ஊரார் ஒருவரும் கையொப்பமிடல் வேண்டும்.

4. அன்றாடப் பதிவு. நாள்வழிக் கணக்கை அன்று மாலையே எழுதுக. நாளை எழுதலாம் என்று விட்ட கணக்கு, நினைவிலிருந்து எழுதும் கணக்காகும். நினைவிலிருந்து எழுதும் கணக்கை ஊர் ஏற்காது.

5. கைகள் பிரிந்திருத்தல். பணம் வசூலிப்பவர் ஒருவர், செலவுக்கு ஒப்புதல் தருபவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர் என இருத்தல் வேண்டும். மூன்றும் ஒருவரே எனில், அவர் எவ்வளவு நேர்மையாளராயினும் ஐயத்திற்கு ஆளாவார். இம்முறை நேர்மையற்றவரைத் தடுப்பதற்கு மட்டும் உரியதன்று. நேர்மையாளரைக் காப்பதற்கும் உரியது.

6. கிராம சபையில் வாசிப்பு. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடிவந்த கிராம சபைகளோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. பணி முடிந்தபின் வரும் முதற் கூட்டத்திலேயே வரவு, செலவு, இருப்பு மூன்றையும் வாய்விட்டு வாசித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுக.

நம்மிடம் கேட்க வருவோர்

நாம் கொடுப்பவராக இருக்கும்போதும் இவ்வறிவு பயன்படும். வெளியூர் அமைப்பினர் அனாதை இல்லத்திற்கு என்றும், முதியோர் இல்லத்திற்கு என்றும் புகைப்படங்களோடு வாயிலில் நிற்கின்றனர். அவருள் உண்மையாளரும் உளர்; அல்லாதாரும் உளர். முகத்தைப் பார்த்துப் பிரித்தறிதல் இயலாது. ஆகவே சில கேள்விகளைக் கேட்க வேண்டும். தங்கள் அமைப்பு எங்கே பதிவாகியுள்ளது? சென்ற ஆண்டு எவ்வளவு பெற்றீர்கள், எதற்குச் செலவிட்டீர்கள்? ரசீது எண் என்ன? இல்லத்தை நேரில் வந்து பார்க்கலாமா? நேர்மையான அமைப்பினர் இக்கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு விடை கூறுவர். சினம் கொள்வோர்க்குக் கொடுக்க வேண்டுவதில்லை.

வரி செலுத்துவோர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். உரிய ஒப்புதல் பெற்ற நிறுவனத்திற்கு அளிக்கும் கொடைக்கு, பழைய வரி முறையைத் தேர்ந்துகொண்டவர்க்கு வருமான வரியில் சலுகை உண்டு. ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அச்சலுகை கிட்டாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்தால் கொடுத்தவருக்கும் சான்று, பெற்றவருக்கும் சான்று.

கணக்கு வாசித்த நாள்

இனி, அச்சிற்றூருக்கு மீள்வோம். சுற்றுச்சுவர் வேலை தடைப்பட்டபின், நாம் ஊராட்சித் தலைவரோடு கலந்து, திருப்பூரில் இருந்த அவ்விளைஞர்க்குச் சொல்லி அனுப்பினோம். பொங்கலுக்கு வந்தவர், ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தையும், துணிப்பை நிறையச் சீட்டுகளையும் கொணர்ந்தார். நோட்டில் முதல் ஆறு பக்கங்கள் ஒழுங்காக எழுதியிருந்தன. பிறகு வெறும் தாள்களே இருந்தன. ஊராட்சிச் செயலரும் நாமும் இரண்டு மாலைப் பொழுதுகள் அமர்ந்து, பொக்லைன் உரிமையாளரின் குறிப்பேட்டையும், டிராக்டர்காரர்களின் நடைக் கணக்கையும், சிமெண்டுக் கடைப் பில்லையும் ஒப்பிட்டோம்.

பொக்லைனுக்கு 1,32,000 ரூபாய், டிராக்டர் நடைகளுக்கு 48,000, விழாவிற்கு 22,000, உணவு, தேநீர் 14,500, சிமெண்டு, மணல் 12,500. ஆகச் செலவு 2,29,000 ரூபாய். வரவைக் காட்டிலும் 9,000 ரூபாய் மிகுதி. அதனை அவர் தம் கையிலிருந்து போட்டிருந்தார். ஆனால் மொத்தச் செலவில் 16,400 ரூபாய்க்கு எவ்விதச் சீட்டும் கிடைக்கவில்லை.

சனவரி 26 அன்று கிராம சபையில் இக்கணக்கு முழுவதும் வாசிக்கப்பட்டது. கூட்டத்தில் நெடுநேரம் வாதம் நடந்தது. அவர் போட்ட 9,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்றனர் சிலர். சீட்டில்லாத 16,400 ரூபாய்க்கு யார் பொறுப்பு என்றனர் வேறு சிலர். முடிவில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி திருடவில்லை, எழுதவும் இல்லை. நாம் கொடுக்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்" என்றார். சபை அதனை ஏற்றது. எழுதாத குற்றத்திற்கு அவ்விளைஞர் 9,000 ரூபாயை இழந்தார். ஆனால் இழந்த பெயரை மீளப் பெற்றார். அன்று மாலை அவர் டீக்கடையில் நெடுநேரம் அமர்ந்திருந்ததை நாம் கண்டோம்.

அதன்பின் நான்கு மாதங்களில் சுற்றுச்சுவருக்கான 1,50,000 ரூபாய் சேர்ந்தது. கணக்கெழுதும் பொறுப்பைத் தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருவரிடம் சபை ஒப்படைத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வரவு செலவைப் பள்ளி வாயிலில் ஒட்டினார். சுவர் முடிந்த நாளில் பந்தல் இல்லை. ஒரு தேங்காய் உடைத்ததோடு திறப்பு நிறைவுற்றது. சுவரின் உட்புறத்தில், பிள்ளைகள் படிக்கும் உயரத்தில், வரவு, செலவு, இருப்பு என மூன்று வரிகளை வண்ணத்தால் எழுதி வைத்தனர். ஏரியின் மதகும் அடுத்த ஆண்டு ஊராட்சி ஒன்றிய நிதியில் பழுது பார்க்கப்பட்டது.

கல்லில் வெட்டிய கணக்கிற்கும் இச்சுவரில் எழுதிய கணக்கிற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. ஆயினும் இரண்டும் கூறுவது ஒன்றே. பொதுப் பணத்தைப் பெற்றவர், கொடுத்தவரிடம் கணக்கை ஒப்புவித்த பிறகே அறம் நிறைவுறுகிறது. அடுத்த முறை தங்கள் ஊரில் ஏதேனும் ஒரு நற்பணிக்கு ரசீதுப் புத்தகம் அச்சிடும்போது, அதனோடு ஒரு கணக்குப் புத்தகத்தையும் வாங்கி, முதல் பக்கத்தில் பணியின் மதிப்பீட்டை எழுதித் தொடங்குமாறு ஊராட்சி உறுப்பினர்களையும் உழவர் பெருமக்களையும் கேட்டுக்கொள்கிறோம்.